ஹெட்போனில் சரி, காரில் மந்தம்: கீழக்கரை எடிட்டிங் அறையில் ஓர் ஈக்வலைசர் ஆய்வு

கீழக்கரையில் நிக்காஹ் வீடியோக்களும் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) பதிவுகளும் எடிட் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அறை. வீடியோவில் குறை சொல்ல ஆளில்லை. ஒலியில்தான் புகார். ஹெட்போனில் கேட்டு, திருத்தி, திருப்தியாக அனுப்பிய பதிவு, வாடிக்கையாளர் வீட்டு டிவியிலும் காரிலும் மந்தமாக ஒலித்தது. ஒருவர் சொன்ன வார்த்தையே நோயைச் சொல்லிவிட்டது: “காக்கா, ஹஜ்ரத் வாய்ல துணிய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. நேர்ல கேட்டப்ப இப்படி இல்லையே.”

மைக்கில் பதிவான மூல ஒலியைத் தனியாகப் போட்டுக் கேட்டால் பேச்சு தெளிவு. எடிட் முடிந்த கோப்பில் அந்தத் தெளிவு இல்லை. ஆக, கெட்டது நடுவில். எடிட் மென்பொருளில் அந்த அறையின் எடிட்டர் போட்டிருந்த மாற்றங்களைத் திறந்தால், ஏறக்குறைய எல்லா வேலையிலும் ஒரே கை ஓடியிருந்தது: 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே 4 முதல் 6 டெசிபல் குறைப்பு, 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு 4 டெசிபல் குறைப்பு. (ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண், அதாவது சுருதியின் உயரம்; டெசிபல் என்பது சத்தத்தின் அளவு.) வெவ்வேறு மண்டபம், வெவ்வேறு மைக், வெவ்வேறு குரல். மருந்து மட்டும் ஒன்றே. அப்படி ஒரு தடம் தெரிந்தால் சந்தேகம் பதிவின் மீது போகக்கூடாது, கேட்கும் கருவியின் மீது போகவேண்டும். ஹெட்போன் எதைக் கூட்டிச் சொல்கிறதோ, அதை எடிட்டர் தன்னையறியாமல் கோப்பில் குறைக்கிறார். ஹெட்போன் கத்தினால் கோப்பு ஊமையாகும்.

கருவி இதுதான்: காதை முழுவதும் மூடும், பின்பக்கம் அடைத்த வகை, 40 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலியெழுப்பும் சிறு ஸ்பீக்கர்), 32 ஓம், 3.5 மில்லிமீட்டர் ஜாக். மூன்று வருடப் புழக்கம். விண்டோஸ் மடிக்கணினியில் நேரடியாகச் செருகியது.

ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரைப் போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. மூன்று முறை முயன்று மூன்றும் தோற்றிருந்தன. அந்தத் தோல்விகளில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் முயற்சி, பத்துப் பட்டை கிராஃபிக் ஈக்வலைசர். அதன் பட்டைகள் 31, 62, 125, 250, 500 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 ஹெர்ட்ஸில் நிற்கும். ‘ஸ’ சத்தம் குத்துகிறது என்று 4,000, 8,000 இரண்டையும் 6 டெசிபல் இறக்கியிருந்தார். குத்தல் குறைந்தது, கூடவே பேச்சின் உயிரும் போனது. குத்தல் இருந்த இடம் இரண்டுக்கும் நடுவே, 5,600 ஹெர்ட்ஸ் அருகில். நடுவில் இருக்கும் முள்ளை எடுக்க இரண்டு பக்கச் சதையையும் வெட்டியதுபோல ஆயிற்று.

இரண்டாவது, இணையத்தில் அதே மாடலுக்குக் கிடைத்த ஆயத்த அமைப்பு. ஆட்டோ ஈக்யூ என்ற திறந்தமூலத் திட்டம், பலர் அளந்து வெளியிட்ட ஆயிரக்கணக்கான ஹெட்போன்களின் அளவுகளிலிருந்து ஃபில்டர் எண்களை (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றுவது, இறக்குவது என்பதை) கணக்கிட்டுத் தருகிறது. பயனுள்ள வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்கள் புதிய, அசல் காதுக் குஷன் மாட்டிய ஹெட்போனுக்கு உரியவை. இங்கே தலையில் இருந்தது வேறு பொருள். அதற்குப் பின்னால் வருவோம். அந்த அமைப்பின் முதல் வரியில் ‘ப்ரீஆம்ப்’ என்று, ஒலி முழுவதையும் முன்கூட்டியே தாழ்த்தும் ஒரு கழித்தல் எண் இருக்கும். சத்தம் குறைகிறதே என்று அவர் அந்த வரியை அழித்துவிட்டார். இது பரவலாக நடக்கும் தவறு. 6 டெசிபல் ஏற்றம் என்றால் அலையின் உயரம் இரண்டு மடங்கு. இன்றைய பாட்டுகளும் எடிட் செய்த கோப்புகளும் ஏற்கெனவே உச்சம்வரை நிரம்பியவை. மேலே இடமில்லாத பாத்திரத்தில் இரட்டிப்பாக ஊற்றினால் வழியத்தான் செய்யும். டிஜிட்டலில் வழிவது என்பது அலையின் தலை வெட்டப்படுவது. தவிலில் வலந்தலை (விரலால் அடிக்கும் முகம்) அடிகள் துணி கிழிவதுபோல் ‘சர்ரக்’ என்றன. அதை ஹெட்போனின் கோளாறு என்று நினைத்து அமைப்பையே தூக்கி எறிந்திருந்தார்.

மூன்றாவதுதான் மோசம். எடிட் மென்பொருளில் எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் டிராக்கில் ஹெட்போனுக்கான ஈக்வலைசரைப் போட்டார். அவர் காதுக்குச் சரியாக இருந்தது. ஏற்றுமதி செய்தபோது அந்தத் திருத்தமும் கோப்போடு போனது. தன் கண்ணாடியின் பவரைப் புகைப்படத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்ததற்குச் சமம். ஹெட்போனுக்கான திருத்தம் கணினியின் ஒலி வெளியேறும் வாசலில் மட்டும் நிற்கவேண்டும்; கோப்புக்குள் கால் வைக்கக்கூடாது.

எதையும் கூட்டிக் குறைப்பதற்கு முன் பாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும். விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ பக்கத்தில் பேஸ் பூஸ்ட் (கீழ்ச் சுருதி ஒலியான பேஸைக் கூட்டும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தது. யார் எப்போது போட்டது என்று தெரியவில்லை. கணினியின் ஒலி டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இத்தகைய வசதிகள் தாமாகவே உயிர்பெறுவதுண்டு. அணைக்கப்பட்டது. லவுட்னஸ் சமப்படுத்தல், சுற்றொலி இரண்டும் அணைக்கப்பட்டன. புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இங்கே இன்னொரு பொறி உண்டு: ஏதாவது ஒரு செயலி மைக்கைக் கேட்டவுடன் இணைப்பு ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ முறைக்கு மாறும், மாதிரி வீதம் (ஒலி வினாடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்ற எண்) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும், கேட்கக்கூடிய மேல் எல்லை அதில் பாதிதான். அந்த நிலையில் எந்த ஈக்வலைசரும் இல்லாத ட்ரெபிளை (மேல் சுருதி ஒலியை) கொண்டுவராது.

அடுத்தது ஜாக். கடற்கரை ஊரில் இதைத் தாண்டிப் போகமுடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் திறந்திருந்தால் மேசையில் கை வைத்தாலே பிசுபிசுப்பு. அந்த உப்பு ஜாக்கின் பித்தளையில் பச்சையாகப் படிகிறது. இந்த ஹெட்போனிலும் ஜாக்கின் அடிவளையத்தில் பச்சைக் கறை இருந்தது. அந்த வளையம்தான் இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. அது விட்டுவிட்டுத் தொட்டால் விசித்திரமான ஒன்று நடக்கும்: இரண்டு டிரைவரும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து, இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். நடுவில் நிற்கும் பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் அப்படியே மறைந்துபோகும். எதிரொலியும் ஓரத்து வாத்தியமும் மட்டும் மிஞ்சும். பாதி விட்டால் பேச்சு பாதி மங்கும். இதைத் ‘தெளிவு இல்லை’ என்று எடுத்துக்கொண்டு 3,000 ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு. 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஜாக் துடைக்கப்பட்டது. காய்ந்ததும் கணினியின் துளையில் பத்து முறை செருகித் திருகி எடுத்ததில் உள்ளே இருந்த படலமும் தேய்ந்தது. கரகரப்பு நின்றது.

இப்போது குஷன். அசல் குஷனின் மேல்தோல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். ஈரப்பதத்தில் அந்தப் பூச்சு தானாகவே சிதையும் பொருள். அதற்கு மேல் வியர்வை, தேங்காய் எண்ணெய். செதில் செதிலாக உரிந்ததும் அவர் ஆன்லைனில் தடித்த குஷன் வாங்கி மாட்டியிருந்தார். அசல் குஷனின் தடிமன் 18 மில்லிமீட்டர், இது 25. மெத்தென்று சுகமாகத்தான் இருந்தது. ஆனால் டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறியது, உள்ளே அடைபடும் காற்றின் அளவு மாறியது. ஹெட்போனின் ஒலிக்குணத்தில் பாதி அதற்குள் இருக்கிறது. டிரைவர் மட்டும்தான் ஹெட்போன் என்ற எண்ணம் தவறு. குஷனும் அதன் பாகம், ஸ்பீக்கருக்குப் பெட்டி எப்படியோ அப்படி.

இதோடு நிற்கவில்லை. வலது காதுக் கோப்பையில் குஷனின் ஓர உதடு பள்ளத்துக்குள் முழுதாக உட்காரவில்லை. காதுக்குப் பின்புறம் கீழே, சுண்டுவிரல் நகம் நுழையும் இடைவெளி, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு. மேலிருந்து பார்த்தால் தெரியாது; கோப்பையைத் திருப்பி விளக்கில் பிடித்தபோதுதான் வெளிச்சக் கீற்று தெரிந்தது.

காற்றுக் கசிவைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. 40 ஹெர்ட்ஸ் தனி ஒலியை மெதுவான அளவில் ஓடவிட்டு, இரண்டு கோப்பையையும் உள்ளங்கையால் லேசாக அழுத்தவேண்டும். அழுத்தியதும் ஒலி பளிச்சென்று கூடினால் கசிவு இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பார்த்தால் எந்தப் பக்கம் என்றும் தெரியும். மூக்குக்கண்ணாடியின் கம்பி, காதின்மேல் விழும் முடி, தலைத்துணி, காதுவரை இறங்கும் தொப்பி எல்லாமே கசிவு தருபவை. கசிவு கீழ்க்கோடிப் பேஸைத்தான் முதலில் தின்னும். 150 முதல் 250 வரை உள்ள கும்மல் தப்பித்துக்கொள்ளும். கேட்பவருக்குப் பேஸ் ஆழமில்லாமல், ஆனால் கும்மென்று இருக்கும். இந்த எடிட்டர் 200 ஹெர்ட்ஸை எல்லாப் பதிவிலும் வெட்டியதன் காரணத்தில் பாதி இங்கே இருந்தது. கசிவை ஈக்வலைசரால் அடைக்க முயல்வது ஓட்டைப் படகில் எஞ்சினை முடுக்குவது போலத்தான்: 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் ஏற்றினால் டிரைவரின் சவ்வு மூன்று மடங்குக்கு மேல் அசையவேண்டும், தலையைத் திருப்பினாலே கசிவு மாறும், ஏற்றியது வீணாகும், சவ்வு மட்டும் அடிபடும்.

தீர்மானம் எளிது. அசல் அளவுக்கே உள்ள 18 மில்லிமீட்டர் குஷன் வாங்கி மாட்டப்பட்டது. வெல்வெட் துணிக் குஷன் வியர்க்காது என்று பலர் அதை விரும்புவார்கள். துணி வழியே காற்று கசியும், பேஸ் குறையும் என்பதால் இந்த வேலைக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. டிரைவரின் முன்னுள்ள துணித்திரையில் தூசியும் தோல்துகளும் படிந்திருந்தன. காய்ந்த மெல்லிய பிரஷ் மட்டும், கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தபடி. அங்கே ஆல்கஹாலோ தண்ணீரோ கூடாது. ஒற்றை முடி சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் பேஸில் ‘சர்ர்’ என்று அதிரும். அதை டிரைவர் கெட்டுவிட்டது என்று எண்ணி வீசியவர்கள் இருக்கிறார்கள்.

குஷன் மாற்றியதுமே கும்மலில் பாதி அடங்கியது. அதற்குப் பிறகுதான் ஈக்வலைசர்.

எதை நோக்கித் திருத்துவது என்ற கேள்வி முதலில். ஸ்பீக்கரைப்போல் ஹெட்போனும் அளவுகோலில் நேர்கோடாக இருக்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம் காதுமடலும் காதுக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைச் சுமார் 10 டெசிபலுக்கு மேல் தாமே உயர்த்துகின்றன. எதிரில் ஒருவர் பேசும்போது செவிப்பறைக்குப் போய்ச் சேர்வது அந்த மேட்டோடு கூடிய ஒலி. ஹெட்போன் அந்த மேட்டைத் தரவில்லை என்றால் குரல் தூரத்தில் நிற்கும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பலரைக் கேட்கவைத்து நடத்திய ஆய்வுகளிலிருந்து உருவான ‘ஹார்மன் வளைவு’ இன்று பலர் கையில் எடுக்கும் இலக்கு. காதை மூடும் வகைக்கான 2018 வடிவம் பரவலாகப் புழங்குகிறது. 3,000 அருகே அந்த மேடு, சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபல் ஏற்றம். மேட்டைப் பெரும்பாலும் நம்பலாம். பேஸ் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதில் 3 டெசிபல் இப்படி அப்படி போவது குற்றமில்லை.

செயற்கைக் காது வைத்து அளக்கும் வசதி இங்கே இல்லை. காதால் கண்டுபிடிக்கவேண்டியதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம், ஒழுங்காகச் செய்தால். மின்விசிறி நிறுத்தப்பட்டது, அதன் ஓசை கீழ்ச் சுருதிகளை மறைத்து, பேஸ் போதவில்லை என்று பொய் சொல்லும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ‘சர்ப்’ (Chirp) வசதியைக் கொண்டு 2,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ்வரை 40 வினாடியில் ஏறும் ஒலி உருவாக்கப்பட்டது, வீச்சு 0.1, லாகரிதம் முறையில். அளவைக் குறைவாக வைத்துக் கேட்டு, குத்தும் இடங்களில் நிறுத்தி எண் குறிக்கவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனிதக் காது 3,000 – 4,000 பகுதியில் இயல்பாகவே கூர்மையானது. ஏறும் ஒலி அங்கே பலமாகக் கேட்கத்தான் வேண்டும். எல்லா இடமும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி திருத்தப்போனால் குரலைக் கொன்றுவிடுவோம். தேடவேண்டியது திடீரென்று எழுந்து திடீரென்று விழும் குறுகிய முட்களை; சாய்வான மேடுகளை அல்ல.

இரண்டு முட்கள் கிடைத்தன: 5,600, 8,800. இரண்டையும் வெட்டிவிடலாம் என்று கை போகும். அதற்குமுன் செய்யவேண்டியது, ஹெட்போனைக் காதில் அரை சென்டிமீட்டர் முன்னே தள்ளி அதே ஒலியை மறுபடி கேட்பது. பிறகு பின்னே தள்ளி இன்னொரு முறை. 5,600 அசையவில்லை. 8,800 முதலில் 9,300-க்கு நகர்ந்தது, பின்னே தள்ளியபோது ஏறக்குறைய மறைந்தது. அசையாதது ஹெட்போனுடையது. நகர்வது, இந்தக் காதும் அந்தக் கோப்பையும் சேர்ந்து அந்த நொடியில் உண்டாக்கியது. நாளை மாட்டும்போது வேறு இடத்தில் இருக்கும். அதற்கு ஃபில்டர் போட்டால் முள் இல்லாத இடத்தில் பள்ளம் விழும். ஆயத்த அமைப்புகளில் 8,000-க்கு மேலே வரும் கூரான ஃபில்டர்களை நம்பாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கீழ்ப்பகுதிக்கு, 60 முதல் 500 ஹெர்ட்ஸ்வரை இன்னொரு ஏறும் ஒலி. 150 – 220 இடையே வீக்கம் இன்னும் மிச்சமிருந்தது. குரலின் மேடு போதுமா என்பதற்கு, ஒரே பேச்சைப் பிசிறில்லாத ஒரு ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்டு, உடனே ஹெட்போனில் கேட்டு ஒப்பிட்டதில், ஹெட்போனில் பேசுபவர் இரண்டடி பின்வாங்கியிருந்தார். 3,000 சுற்றில் குறை.

ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் நிறுவப்பட்டது. நிறுவும்போது எந்த ஒலி வெளியீட்டுக்கு என்று கேட்கும். ஹெட்போன் செருகும் வெளியீட்டை டிக் செய்து கணினியை மறுதொடக்கம் செய்யவேண்டும். பின்னாளில் யூஎஸ்பி டேக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான மின்னலையாக மாற்றும் கருவி) வாங்கிச் செருகினால் அது வேறு வெளியீடு. அதற்கும் தனியாக டிக் வேண்டும். எழுதிய அமைப்பு இது:

ப்ரீஆம்ப்: −4 டெசிபல்
லோ ஷெல்ஃப்: 90 ஹெர்ட்ஸ், +3.5 டெசிபல், க்யூ 0.7
பீக்: 180 ஹெர்ட்ஸ், −3.5 டெசிபல், க்யூ 0.9
பீக்: 3,200 ஹெர்ட்ஸ், +3 டெசிபல், க்யூ 1.5
பீக்: 5,600 ஹெர்ட்ஸ், −4 டெசிபல், க்யூ 3

நான்கே ஃபில்டர். லோ ஷெல்ஃப் அந்த எண்ணுக்குக் கீழே உள்ள பகுதி முழுவதையும் ஏற்றும்; பீக் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் ஏற்றும் அல்லது இறக்கும். க்யூ என்பது எவ்வளவு குறுகலாக வேலை செய்யவேண்டும் என்ற எண். அதிர்வெண்ணைக் க்யூவால் வகுத்தால் ஏறக்குறைய அகலம் கிடைக்கும். 5,600-ஐ 3-ஆல் வகுத்தால் சுமார் 1,870 ஹெர்ட்ஸ் அகலம்: முள்ளை மட்டும் தொட்டு, 4,000 அருகே உள்ள குரலின் கூர்மையைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஏற்றும் ஃபில்டர்களுக்கு க்யூ தாழ்வாக, அகலமாக இருப்பதே நல்லது. குறுகிய பள்ளத்தை நிரப்பும் ஆசை வேண்டாம். ஒலிகள் ஒன்றையொன்று அழித்து உண்டான பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது.

ஃபில்டர்கள் தனித்தனித் தீவு அல்ல என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும். 90 ஹெர்ட்ஸில் ஷெல்ஃப் பாதி ஏற்றத்தை, அதாவது 1.75 டெசிபலைத் தருகிறது. 180-இல் போட்ட குறைப்பின் சரிவு அங்கே சுமார் 1.25 டெசிபலைத் தின்கிறது. மிஞ்சுவது அரை டெசிபல். விரும்பியதும் அதுதான்: 60-க்குக் கீழே ஆழம் வரவேண்டும், 100-க்கு மேல் கும்மல் கூடாது. அதேபோல் 3,200-இன் ஏற்றம் 5,600-இல் கொஞ்சம் கசிவதால், அங்கே உண்மையில் இறங்குவது 3.3 டெசிபல். மென்பொருளின் அடியில் உள்ள பகுப்பாய்வுப் படம் மொத்த வளைவையும் அதன் உச்ச ஏற்றத்தையும் காட்டும். இங்கே உச்சம் 3.5-ஐத் தாண்டவில்லை; எனவே ப்ரீஆம்ப் −4. இந்த ஓர் எண்ணை அழிக்காமல் இருந்தாலே வழிதலும் கிழிதலும் வராது. சத்தம் குறைந்தால் ஒலியளவுக் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம்.

போட்டபிறகு எந்த மாற்றமும் கேட்கவில்லை என்றார் எடிட்டர். கேட்காததில் வியப்பில்லை: அவருடைய எடிட் மென்பொருள் ஏசியோ (ASIO) என்ற குறுக்குவழியாக ஒலியை நேராக வன்பொருளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏசியோவும் விண்டோஸின் பிரத்தியேக முறையும் இந்த ஈக்வலைசரைத் தொடாமல் கடந்துபோகும். மென்பொருளின் ஒலி அமைப்பை விண்டோஸின் பொதுப் பாதைக்கு மாற்றியதும் வேலை செய்தது. மாஸ்டர் டிராக்கில் இருந்த பழைய ஈக்வலைசர் நீக்கப்பட்டது.

சரிபார்ப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இரண்டு ஒலியில் எது கொஞ்சம் உரக்க இருக்கிறதோ அதுவே நல்லது என்று காது சொல்லும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். இந்த அமைப்பில் 1,000 ஹெர்ட்ஸில் நான்கு ஃபில்டரும் சேர்ந்து செய்யும் மாற்றம் ஏறக்குறைய பூஜ்யம். எனவே ப்ரீஆம்பை இரண்டு நிலையிலும் −4 ஆகவே விட்டு, ஃபில்டர்களை மட்டும் போட்டும் எடுத்தும் கேட்டால் நடு ஒலி சமமாக நிற்கும், ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

கேட்பதற்கு வெளிநாட்டுச் சோதனைப் பாட்டுகள் தேவையில்லை. நம் ஊர்ப் பெயர்களே போதும். “சிக்கல், சாயல்குடி, சேதுக்கரை” என்று ஒருவரைச் சாதாரணமாகச் சொல்லவைத்துப் பதிவுசெய்தால் மூன்று முறை ‘ஸ்’ உரசும். 5,600 முள் இருந்தால் மூன்றும் ஊசி. “மண்டபம், நம்புதாளை, மரைக்காயர்பட்டினம்” என்றால் மெல்லின எழுத்துகள் வரிசையாக வந்து 200 ஹெர்ட்ஸ் வீக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்: வீக்கம் இருந்தால் மூக்கடைத்த குரலாகக் கேட்கும். தவிலில் தொப்பி எனும் மறுமுகத்தின் குச்சி அடியில் ஆழமும் வலந்தலையில் விரல் கூடு படும் ‘டக்’கும் தனித்தனியாக நிற்கவேண்டும். நாதஸ்வரம் 3,000 ஏற்றத்துக்குக் கடும் பரீட்சை. முதலில் +4 வைத்திருந்ததில் இரண்டு நிமிடத்தில் காது சோர்ந்தது, +3-க்கு இறக்கியபிறகு தாங்கியது. அறிமுகமான ஐந்தாறு பதிவைப் பத்து நிமிடம் கேட்டு, எழுந்து போய், மறுநாள் காலை மறுபடி கேட்பது நல்லது. காது ஒரு மணி நேரத்தில் எந்தக் கோணலுக்கும் பழகிவிடும்.

பழைய பயான் பதிவொன்றை மூலத்திலிருந்து மறுபடி எடிட் செய்ததில், முன்பு 5 டெசிபல் வெட்டிய இடத்தில் எடிட்டர் 1 டெசிபல்கூட வெட்டவில்லை. அவருக்கு அறிவுரை ஏதும் சொல்லப்படவில்லை. தேவைப்படவில்லை என்று கையே நின்றுவிட்டது. அந்தக் கோப்பு காரில், டிவியில், கைபேசியில் மூன்றிலும் தெளிவாகப் பேசியது. 200 ஹெர்ட்ஸில் மட்டும் பழக்கதோஷத்தில் 2 டெசிபல் வெட்டியிருந்தார். இரண்டாம் வேலையில் அதுவும் போயிற்று.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இதே ஹெட்போனுக்குப் பவர்ஆம்ப் ஈக்வலைசரில் பாராமெட்ரிக் முறையில் (அதிர்வெண், டெசிபல், க்யூ மூன்றையும் நாமே கொடுக்கும் முறை) இதே எண்களைப் போடலாம். பாட்டுச் செயலியின் சொந்த ஈக்வலைசரையும் கைபேசி நிறுவனம் வைத்த ‘ஒலி மேம்பாட்டை’யும் அணைக்கவேண்டும், இரண்டு இடத்தில் திருத்தினால் இரட்டை மருந்து. வேறு ஹெட்போனுக்கு, அதே மாடலின் வேறொன்றுக்குக்கூட, இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலியளவு பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். குத்தல் போனதும் காது வலிக்காது; வலிக்காததால் குமிழ் மேலே போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. கல்யாண மாதங்களில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டும் எடிட்டருக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. குத்தல் இருந்தபோது வைத்த இடத்திலேயே குமிழுக்கு ஒரு பேனாக் கோடு போடப்பட்டது.

மிச்சம் பராமரிப்பு. வேலை முடிந்ததும் குஷனைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைப்பது. ஜன்னல் கொக்கியில் தொங்கவிடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிப் பெட்டியில் வைப்பது. எண்ணெய் தேய்த்த தலையோடு மாட்டாமல் இருப்பது. மாதம் ஒருமுறை 40 ஹெர்ட்ஸ் அழுத்தச் சோதனை, ஜாக் துடைப்பு. விண்டோஸ் அல்லது ஒலி டிரைவர் புதுப்பித்தலுக்குப் பிறகு ஈக்வலைசர் சத்தமில்லாமல் கழன்றுபோவதுண்டு. ப்ரீஆம்பை −30 ஆக்கிப் பார்த்து, ஒலி அமுங்கினால் இருக்கிறது, அமுங்காவிட்டால் வெளியீட்டை மறுபடி டிக் செய்யவேண்டும். குஷன் நாளடைவில் அமுங்கும்போது முதலில் இடம் மாறுவது 180-உம் 90-உம்தான். 3,200, 5,600 இரண்டையும் அவசரப்பட்டுத் தொடவேண்டாம். மாற்றுக் குஷன் ஒரு ஜோடி, அதே 18 மில்லிமீட்டர், பெட்டியிலேயே இருக்கிறது. இப்போது மாட்டியிருப்பதன் உட்புறத்தில் மாட்டிய தேதி மார்க்கரால் எழுதப்பட்டிருக்கிறது.